நெற்றும் கடைசலும்: வத்தல்மலையை முன்வைத்து

தமிழில் 'நெற்று' என்னும் சொல், மரத்திலோ கொடியிலோ இருக்கும்போதே முற்றி, ஈரமும் பசுமையும் வற்றி, ஓடு மட்டும் இறுகி நிற்கும் காயைக் குறிக்கும். விதைக்காக விடப்பட்ட முருங்கைக்காயையும், உலர்ந்து தானே கீழே விழும் தேங்காயையும், காற்றில் கலகலக்கும் வாகைக் காயையும் மக்கள் இன்றும் இந்த ஒரே சொல்லால்தான் சுட்டுகிறார்கள். குறுந்தொகையின் ஏழாம் பாடலில் பாலை வழியை வருணிக்கும் புலவர், காற்றில் அலைபட்ட வாகை நெற்றின் ஓசையை, கயிற்றின்மேல் ஆடும் கூத்தர்களுக்காக முழக்கப்படும் பறையின் ஓசையோடு ஒப்பிட்டிருப்பதால், இச்சொல் சங்க காலத்திலிருந்து இடையறாமல் வழங்கிவருவது தெளிவு. உண்பதற்குரிய பருவம் கடந்துபோன ஒரு காய்க்குத் தனிப்பெயர் இருப்பது, அந்தக் காய்ந்த ஓட்டையும் ஒரு பொருளாக மதித்த மக்களின் பார்வையைக் காட்டுகிறது. அத்தகைய நெற்றுகளைக் காட்டிலும் தோப்பிலும் பொறுக்கி எடுத்து, கடைசலில் ஏற்றி, அழகுப் பொருள்களாக்கும் கலையே இச்சொற்பொழிவின் பொருளாகும்.

கடைசல் என்பது சுழலும் பொருளின்மீது உளியைப் பிடித்துச் செதுக்கும் வேலை. ஏனைய மரவேலைகளில் மரம் அசையாமல் கிடக்க உளி நகர்கிறது. கடைசலிலோ உளி ஒரு தாங்கியில் ஊன்றி நிற்க, மரம் சுழன்று வந்து அதன் கூரில் தன்னைச் சீவிக்கொள்கிறது. தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் வழங்குவதற்குத் தொழிலின் பழைய அமைப்பே காரணம் என்று கொள்ளலாம். மின்மோட்டாருக்கு முந்தைய கடைசல் இருவர் செய்யும் வேலையாக இருந்தது. கடையப்படும் கட்டையைச் சுற்றிய கயிற்றின் இரு முனைகளையும் ஒருவர் மாறி மாறி இழுக்க, மற்றவர் உளி பிடிப்பார். மத்தைச் சுற்றிய கயிறும் அதே விதமாகத்தான் இழுபடுகிறது. இவ்வாறு முன்னும் பின்னுமாகச் சுழலும் கட்டையில், உளியை நோக்கி வரும் சுற்றில் மட்டுமே வெட்டு விழும் என்பதால், மறுசுற்றில் உளியை மயிரிழை அளவு பின்வாங்கிக் காத்திருக்கும் பழக்கம் கடைசல்காரரின் கையில் மூச்சைப்போல் படிந்திருக்க வேண்டியிருந்தது.

இத்தொழிலின் கிளைகள் தமிழ்நாட்டிலும் அண்டையிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு வீட்டின் சமையலறை முழுவதையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் காட்டும் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் கடைசலில் பிறப்பவை. 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுவரத்தின் நீண்ட உடலாகிய உலவு, ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுவது. அந்த ஆச்சா, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வறண்ட காடுகளில் இயல்பாக வளரும் மரம் என்பதும், நாகசுவரத்தின் அடிப்புறத்து மணியாகிய அணசு வாகை மரத்தில் செய்யப்படுவது என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை. பெங்களூருவுக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணத்தில் பொம்மை கடைவோர் வெட்பாலை மரத்தையே மரபாகப் பயன்படுத்திவந்தனர். வெள்ளையாகவும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய இழையோட்டம் உடையதாகவும் இருக்கும் அந்த மரமும் கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளுக்கு உரியதே. ஆக, தென்னிந்தியக் கடைசல் கலை பெரிதும் வறண்ட காட்டின் மரங்களை நம்பி வளர்ந்த கலை.

மற்றொரு பக்கம், கனியின் ஓட்டையே பாத்திரமாகக் கொள்ளும் வழக்கமும் தமிழரிடம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. கொட்டாங்குச்சியில் காம்பு செருகிய அகப்பை, திருநீறு வைக்கும் வில்வக் குடுக்கை, நீர் மொள்ளும் சுரைக்குடுக்கை ஆகியவை ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த பொருள்கள். துறவிகள் ஏந்திய திருவோடு, செசெல்ஸ் தீவுகளில் மட்டுமே விளைந்து கடலில் மிதந்துவந்த கடல்தேங்காயின் ஓடாக இருந்தது. பிற்காலத்தில் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மரத்தின் உருண்டைக் காயும் அதே பயனுக்கு வந்ததால், அந்த மரத்துக்கே திருவோட்டு மரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாட்டு எடையில் இரண்டு குன்றிமணிக்குச் சமமாக வைத்து எண்ணப்பட்ட மஞ்சாடி விதையைக் குடைந்து, உள்ளே எள்ளளவு யானைப் பொம்மைகளை அடக்கி, சிறு மூடியிட்டு விற்ற கைவேலையும் தென்னாட்டுக்கு உரியது. யானைத் தந்த வணிகம் 1986, 1991 ஆகிய ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களால் தடைசெய்யப்படும்வரை அந்த யானைகள் தந்தத்தில் செய்யப்பட்டன.

ஒருபுறம் கடைசல், மறுபுறம் ஓட்டுப் பாத்திரம் என இரண்டு மரபுகளும் இவ்வளவு வளமாக இருந்தும், அவை ஒன்றையொன்று பெரிதாகச் சந்திக்கவில்லை என்பதுதான் வியப்பு. கடைசல்காரர் மரக்கட்டையைத் தேடினார். ஓட்டுப் பாத்திரம் செய்தவர் கத்தியும் அரமும் கொண்டு கையாலேயே வேலையை முடித்தார். பிற நாடுகளில் இந்தச் சந்திப்பு முன்பே நிகழ்ந்துவிட்டது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் 'கொக்கில்லா' கொட்டையைக் கடைந்து மூக்குப்பொடிச் சிமிழ்களும் ஊசிக்கூடுகளும் செய்வது ஐரோப்பியக் கடைசல்காரர்களின் பழைய வழக்கமாக இருந்தது. இலண்டனில் கடைசல் இயந்திரங்கள் செய்துவந்த சார்லஸ் ஹோல்ட்சாப்ஃபெல், 1843இல் வெளியிட்ட தமது பெருநூலின் முதல் தொகுதியில், கடைவதற்குரிய மரங்களோடு இத்தகைய கொட்டைகளையும் சேர்த்தே விவரித்தார். தென்னமெரிக்காவின் 'தாகுவா' என்னும் பனங்கொட்டை, தந்தம் போன்ற வெண்மையும் இறுக்கமும் உடையதால் தாவரத் தந்தம் என்று பெயர் பெற்று, நெகிழிப் பொத்தான்கள் வரும்வரை உலகத்தின் சட்டைகளுக்குப் பொத்தான் தந்தது. இலங்கையிலும் கேரளக் கரையிலும் வளரும் குடைப்பனையின் விதையும் அவ்வாறே மணிகளும் பொத்தான்களும் கடைவதற்குப் பம்பாய்த் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாயிற்று. குடைப்பனை தன் வாழ்நாளில் பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, மடியும் மரம் என்பதால், அதன் விதையில் செய்த ஒவ்வொரு மணியும் ஒரு மரத்தின் முழு வாழ்நாளுக்கும் ஒரே விளைச்சலாக வந்த பொருளிலிருந்து பிறந்தது.

இக்காலத்தில் நெற்றுக் கடைசல் என்றவுடன் உலகெங்கும் நினைக்கப்படுவது ஆஸ்திரேலியாவின் பாங்சியா. 1770இல் கேப்டன் குக்கின் 'எண்டவர்' கப்பலில் சென்ற தாவர ஆய்வாளர் ஜோசப் பாங்க்ஸ் முதலில் சேகரித்ததால் அவர் பெயர் பெற்ற இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 170 இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியவை. பாங்சியா நெற்று என்று வழங்கப்படுவது தாவரவியல்படி ஒரு காய் அன்று. ஒரு தடித்த தண்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில், சிறு பூக்கள் நெருங்கிப் பூக்க, அவற்றுள் மிகச் சிலவே காயாகி, கிளிஞ்சல் வாய்போல் இரு உதடுகள் கொண்ட பைகளாகத் தண்டோடு ஒட்டி இறுகிவிடுகின்றன. பல இனங்களில் இந்தப் பைகள் காட்டுத்தீயின் வெப்பம் பட்டால்தான் வாய் திறந்து விதையை உதிர்க்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்சியா கிராண்டிஸ் இனத்தின் நெற்று ஒரு முழ நீளம்வரை வளர்வதால், அதைக் கடைசலில் ஏற்றிப் பூச்சாடியாகவும் கிண்ணமாகவும் செய்கிறார்கள். மேலே படர்ந்திருக்கும் பஞ்சுபோன்ற துய் முதல் வெட்டிலேயே தூளாகப் பறந்துபோக, உள்ளிருந்து செம்பழுப்பு நிறத் தண்டும், விதைப் பைகள் இருந்த இடமெல்லாம் கண்போன்ற துளைகளும் வெளிப்படுகின்றன. அந்தத் துளைகளைக் கடைபவர் வரைவதில்லை. எந்தப் பூ காயாயிற்று, எந்தப் பூ பொய்த்தது என்பதை அந்த மரம் தன் உடம்பில் எழுதிவைத்த கணக்கே அங்கே பூ வேலைப்பாடாக நிற்கிறது. மரக்கட்டையைக் கடைவதற்கும் நெற்றைக் கடைவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கட்டையில் உருவம் கடைபவரின் மனத்திலிருந்து வருகிறது. நெற்றில் உருவம் ஏற்கெனவே இருக்கிறது. எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்ற இரண்டை மட்டுமே உளி தீர்மானிக்கிறது.

பாங்சியாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் தமிழ்நாட்டு மலைகளில் மிகப் பழகிய மரம் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும், மிளகுக்கொடி ஏறுவதற்காகவும் நடப்படும் சில்வர் ஓக், பெயரில் ஓக் என்று இருப்பினும் ஓக் மரத்துக்கு உறவன்று. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அது, பாங்சியாவோடு ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணப்படுகிறது. இந்த உறவே வத்தல்மலையை இப்பொருளோடு இணைக்கும் முதல் நூல்.

வத்தல்மலை, தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் அமைந்த மலைப்பரப்பு. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய அதன் ஊர்களில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது. கேரள மாநிலத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் காப்பியும் மிளகும் சேர்ந்துகொண்டன; மலைக்குச் சாலையும் பேருந்தும் வந்தது அண்மைக் காலத்தில்தான். மேலே காப்பியும் சில்வர் ஓக்கும், சரிவில் வறண்ட இலையுதிர் காடும், அடிவாரத்தில் புளியும் விளாவும் என ஒரே மலை மூன்று அடுக்காக மரங்களை வைத்திருக்கிறது.

இந்த அடுக்குகளில் உதிரும் நெற்றெல்லாம் கடைசலுக்கு உதவும் என்று எண்ணுவது பிழையாகும். உளியின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு ஓடு மரத்தன்மை அடைந்திருக்க வேண்டும். மரத்தன்மை என்பது, செல்களின் சுவரில் 'லிக்னின்' என்னும் இறுகுபொருள் படிந்து அவை கல்லாவதைக் குறிக்கும். சரக்கொன்றையின் கருங்குழல் போன்ற நீண்ட காய் பார்வைக்கு அழகு. குறுக்கே வெட்டினால் காசுகளை அடுக்கியது போன்ற தடுப்புகள் தெரியும். ஆனால் அதன் சுவர் மெல்லியது, உளி பட்டவுடன் நொறுங்கும். வாகை நெற்று வெறும் தாள். வெட்பாலையின் இரட்டைக் காய், நுனியில் ஒட்டிப் பிறந்து இடுக்கிபோல் வளைந்து விரிவது கண்ணைக் கவர்ந்தாலும், அதை உள்ளபடியே வைத்துப் பார்க்கலாமேயன்றிக் கடைய முடியாது. சில்வர் ஓக்கின் காயும் விரல்நுனி அளவே ஆன படகு. வயல்வெளிகளில் இப்போது நடப்படும் மகோகனியின் நெற்று தடித்த ஐந்து மடல்களாகப் பிளந்து விழுவதால், மடல்களைக் கடைந்த பீடத்தின்மேல் பூவிதழ்போல் பொருத்தலாம், அவ்வளவே. கடைசலின் சோதனையில் உண்மையாகத் தேறுபவை அடிவாரத்தின் விளாவும், வில்வமும், தோப்பின் தேங்காய்ச் சிரட்டையும்தான்.

அவற்றுள்ளும் விளாம்பழம் தனியாகப் பேசத்தக்கது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே முழுமையாகத் தோன்றுவதற்கு 'யானை உண்ட விளாங்கனி' என்று உவமை சொல்வது தமிழ் வழக்கு. யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமலே சதை மட்டும் கரைந்து வெளிவரும் என்பது இதற்கு மக்கள் சொல்லும் விளக்கம். யானை என்பதும் வேழம் என்பதும் விளாவைத் தாக்கி உள்ளீட்டை அழிக்கும் நோயின் பெயர் என்று கூறுவோரும் உண்டு. எவ்வாறாயினும், சதை போன பிறகும் குலையாத உருண்டை என்ற அந்த இயல்பே கடைசல்காரருக்கு வேண்டியது. சதை போகாத பழமானால் காம்பு இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, சதையைச் சுரண்டி எடுத்து உண்டுவிட்டு, ஓட்டை நீரில் ஊறவைத்து நார் முழுவதும் நீங்கக் கழுவி, நிழலில் பல நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளும் புறமும் ஒரே வேகத்தில் காயாமல் ஓடு விரிசல் விடும்.

உலர்ந்த ஓடு கடைசலில் ஏறும் விதம் நுட்பமானது. உருண்டையை இரு முனைகளுக்கு நடுவே நெருக்கிப் பிடித்தால் நொறுங்கிவிடும் என்பதால், முதலில் ஒரு மரக்கட்டையைக் கிண்ணமாகக் கடைந்து, அந்தக் கிண்ணத்தின் வாயில் ஓடு பாதிவரை அமுங்கி இறுகும்படி பொருத்துகிறார்கள். ஒரு நூல் தளர்ந்தால் ஓடு பறந்துபோகும். ஒரு நூல் இறுகினால் பிளந்துபோகும். சுழற்சி மெதுவாகத் தொடங்க வேண்டும், ஏனெனில் எந்த விளாங்காயும் முழு உருண்டையாக இருப்பதில்லை. எடை ஒருபக்கம் சாய்ந்த பொருள் வேகமாகச் சுழன்றால் இயந்திரமே நடுங்கும். ஓட்டுக்கு மரத்தைப்போல் இழையோட்டம் கிடையாது. அது கற்செல்கள் நெருங்கிய பரப்பு. எனவே ஆழ வெட்டும் நகவுளி இங்கே உதவாது. தட்டையான முனையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கும் சுரண்டுளியே ஏற்றது. சாம்பல் பூத்த மேற்றோல் பொருக்குப் பொருக்காக உதிர, அடியில் தேன்நிறம் தெரியத் தொடங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும். ஓட்டின் கனம் சில மில்லிமீட்டரே ஆகையால் அளந்து பார்க்க இடமில்லை; கனம் குறையக் குறையச் சுரண்டும் ஓசை மேலேறி மெலிவதைக் கேட்டே கடைபவர் எல்லையை அறிகிறார். இங்கே கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம்.

அடுத்து உப்புத்தாள் கொண்டு படிப்படியாக மழமழப்பாக்கியபின், அரக்கு ஏற்றப்படுகிறது. அரக்கு என்பது புரசு, பூவம், இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரந்து வைக்கும் பிசின். அதை நிறம் சேர்த்துக் குச்சியாகத் திரட்டி, சுழலும் பொருளின்மீது அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே உருகிப் பரவும். பிறகு உலர்ந்த தாழையோலையை மடித்து அழுத்தும்போது, திட்டுத்திட்டாக நின்ற அரக்கு ஒரே படலமாகிக் கண்ணாடிபோல் ஒளிவிடும். சென்னபட்டணத்துப் பட்டறைகளின் இந்த உத்தி, விளாவோட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் ஓட்டின் இயற்கையான புள்ளிகளையும் வரிகளையும் மறைக்கும் கெட்டி நிறங்களைத் தவிர்த்து, நிறம் சேராத அரக்கையே ஏற்றுவது நல்லது. துளையிட்ட வாயில் மரத்தில் கடைந்த கழுத்தும், மேலே கோபுரக் கலசத்தை ஒத்த கூர்முனையும், அடியில் தண்ணீர்த்துளிபோல் தொங்கும் சிறு குமிழும் பொருத்தினால், தொங்கவிடும் அணிப்பொருளாகவோ மூடியிட்ட சிமிழாகவோ அது நிற்கும். நெற்றை உள்ளது உள்ளபடி விட்டு, அதற்கு வாயும் அடியும் தருவதே கடைந்த மரத்தின் பங்கு.

இதற்கு வேண்டிய மரத்துண்டை எங்கே பெறுவது என்ற கேள்விக்கு வத்தல்மலை தரும் விடை சில்வர் ஓக். காப்பிச் செடிக்கு வெளிச்சமும் நிழலும் அளவோடு கிடைப்பதற்காக, நிழல் மரங்களின் கிளைகளை மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கழித்துவிடுகிறார்கள். இதைத் தோட்ட வழக்கில் கவாத்து என்பார்கள். கவாத்தில் விழும் கை கனக் கிளைகள் பெரும்பாலும் விறகாகின்றன. அம்மரத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடும் கதிர்த்தசைகள் மிக அகலமானவை ஆதலால், தக்க கோணத்தில் வெட்டினால் வலைத்துணி விரித்தது போன்ற மினுமினுப்பான பூவிழை தெரியும். ஒரு மரமும் வீழாமல், எரியப்போகும் கிளையிலிருந்தே கழுத்தும் கலசமும் அடியும் கடையலாம் என்பது எளிய கணக்கு. அம்மரத்தின் தூள் சிலரது தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதையும், ஓட்டின் நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கு என்பதையும் மறவாமல், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

நெற்றைப் பொறுக்குவது யாருடைய உரிமை என்பது அடுத்த கேள்வி. சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்துவரும் சிறு வனமகசூலின் மீது, அதாவது மரம் நீங்கலாகத் தாவரங்களிலிருந்து கிடைக்கும் பொருள்களின் மீது, காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உடைமையுரிமையையும், சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமையையும் 3ஆம் பிரிவில் வழங்குகிறது. தேனும் மெழுகும் அரக்கும் அச்சட்டத்தின் விளக்கத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவை. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிர்களையும் பல்லுயிர் வளத்தையும் காக்கும் பொறுப்பை அதே மக்களிடம் ஒப்படைக்கிறது. மலைக்கு வரும் சுற்றுலாப் பயணி பை நிறைய நெற்று அள்ளிச் செல்வதற்கும், அந்த ஊரார் சேகரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தொடங்குகிறது. கொன்றைக் காயைக் கரடி உடைத்துத் தின்று அதன் விதையைப் பரப்புகிறது. விளாங்கனியை யானை உண்கிறது. ஆகவே விதையை உதிர்த்து முடித்த ஓட்டையும், உண்டு எறிந்த ஓட்டையும் மட்டுமே எடுப்பது, விதை இருந்தால் அதை எடுத்த மரத்தடியிலேயே விட்டுவருவது, எந்த மரத்தடியையும் முழுவதும் பெருக்கி அள்ளாமலிருப்பது என்ற மூன்றும் இத்தொழிலின் மீறக்கூடாத நெறிகள். பச்சைக் காயைப் பறித்து உலர்த்திக் கடைவது நெற்றுக் கடைசல் ஆகாது. அது மரத்தின் அடுத்த தலைமுறையை விற்பதாகும்.

சிறு காய்களையும் விதைகளையும் ஒளி ஊடுருவும் 'ரெசின்' என்னும் செயற்கைப் பிசினில் உறையவைத்து, அந்தக் கட்டியைக் கடைந்து பேனாவும் கிண்ணமும் செய்யும் முறை இப்போது உலகெங்கும் பரவிவருகிறது. நொறுங்கும் கொன்றைக் காயையும் இதனால் கடைய முடியும் என்பது உண்மையே. ஆயினும் மண்ணில் விழுந்து மண்ணாகும் பொருளை ஒருபோதும் மக்காத உறைக்குள் அடைப்பது, நெற்றின் இயல்புக்கு நேர்மாறான செயல். வத்தல்மலை போன்ற ஓரிடத்தில் இதை ஊக்குவிக்கக் கூடாது என்பதில் ஐயமில்லை.

காட்டில் வீணாகக் கிடப்பதைக் கைத்தொழிலாக்கிப் பழங்குடியினர் வருவாய் ஈட்டுவதற்கு அருகிலேயே முன்மாதிரி உண்டு. தருமபுரி மாவட்டத்துக்கு அப்பால், காவிரியின் மறுகரையில் உள்ள மலை மாதேசுவரன் மலையில், காட்டை மூடிப் படர்ந்த உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து உரித்து, சோளகர் பழங்குடியினர் நாற்காலிகளும் கூடைகளும் செய்கிறார்கள். பெங்களூருவின் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளை அதற்குப் பயிற்சி அளித்தது. நடுவணரசு 2018 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய 'வன் தன்' திட்டம், இருபது பேர் கொண்ட பதினைந்து தன்னுதவிக் குழுக்களை ஒரு மையமாக இணைத்து, சிறு வனமகசூலைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டி விற்பதற்கு உதவுகிறது. 1973இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்துக்குப் 'பூம்புகார்' என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் உள்ளன. பொருளும் உரிமையும் திட்டமும் சந்தையும் தனித்தனியே இருக்க, அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறுதான் இல்லை.

அந்தக் கயிறு ஓர் உளிபிடிக்கும் கை. சொப்புக் கடையும் அம்பாசமுத்திரத்துக் கைகளும், உலவு கடையும் நரசிங்கம்பேட்டைக் கைகளும் முதுமை எய்திவரும் இக்காலத்தில், அவர்களில் ஒருவரையேனும் ஒரு பருவத்துக்கு மலைக்கு அழைத்துவந்து, அங்குள்ள இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கடைசல் பயிற்றுவிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஒரு குதிரைத்திறனுக்கு மேற்படாத மோட்டார் பூட்டிய சிறு கடைசல் இயந்திரம், அரை டஜன் உளிகள், உலர்ந்த விளாவோடு ஒரு கூடை, கவாத்துக் கிளை ஒரு கட்டு ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மாவட்ட நிர்வாகமும் பழங்குடியினர் நலத்துறையும் கைவினைக் கழகமும் இதைத் தங்கள் பணியாக ஏற்க வேண்டும். வத்தல்மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்போர் இந்த ஆண்டுக் கவாத்தில் விழும் கிளைகளை அடுப்புக்குக் கொடுக்கும் முன், நேரான துண்டுகளை ஓரமாக எடுத்து நிழலில் அடுக்கி வைக்க வேண்டும்.